சின்ன சப்ளையர் கிட்ட ஆஸ்பத்திரி வாங்கலாமா? வாங்கலாம், காசு எப்ப குடுப்பீங்கன்னு முதல்ல சொல்லுங்க

கேட்டது இதுதான்: கோத்தகிரி பக்கம் 60 பெட் இருக்கற டிரஸ்ட் ஆஸ்பத்திரி, நீங்க பர்ச்சேஸ் பாக்கறீங்க, நன்கொடை குடுக்கற அமெரிக்காக்காரங்க சப்ளையர் டைவர்சிட்டி பாலிசின்னு (சின்னவங்க, ஒதுக்கப்பட்டவங்க கிட்டயும் வாங்கறதுக்கான விதி) ஒண்ணு எழுதி அனுப்புங்கன்னு சொல்லிட்டாங்க, உங்க வெண்டர் லிஸ்ட்ல ஒன்பது பேர், ஒன்பதும் கோயமுத்தூர். ஆதிவாசி மக்கள், மகளிர் குழு, உள்ளூர் விவசாயி கிட்ட வாங்கறதுன்னா எத்தன பர்சென்ட்னு போடறது, விலை கூடுமா, சட்டம் என்ன சொல்லுதுன்னு கேட்டிருக்கீங்க. நான் படிச்ச வரைக்கும் உங்க பயம் பர்சென்ட் மேல இல்ல. எல்1ஐ, அதாவது குறைஞ்ச விலை கோட் பண்ணவர, விட்டுட்டு ஒரு குழுவுக்கு ஆர்டர் குடுத்து நாளைக்கு சரக்கு சொதப்பினா ஆடிட்டர் முன்னாடி நான்தான நிக்கணும், அதான? அந்த பயம் நியாயமானது, ஏன்னா நான் அங்க நின்னிருக்கேன். குன்னூர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில ஸ்டோர்ஸ் கிளார்க்கா சேந்து பர்ச்சேஸ் ஆபீசரா வெளிய வந்தவன், மொத்தம் 26 வருஷம். வக்கீலும் இல்ல, ஆடிட்டரும் இல்ல, பெரிய கார்ப்பரேட் ஆஸ்பத்திரியில வேல பாத்ததும் இல்ல, அத மனசுல வெச்சுக்கிட்டு படிங்க.

முதல்ல அந்த அமெரிக்கா பாரத்த அப்படியே காப்பி அடிக்காதீங்க. அங்க இது 1969ல நிக்சன் போட்ட உத்தரவுல இருந்து வளந்த விஷயம், கறுப்பின மக்களும் மத்த சிறுபான்மையினரும் நடத்தற தொழிலுக்கு அரசாங்க ஆர்டர்ல பங்கு குடுக்கறதுக்காக. 51 சதவீதம் சொந்தம் அவங்க கையில இருக்கணும், நடத்தறதும் அவங்களா இருக்கணும், அதுக்கு சர்டிபிகேட் குடுக்கற அமைப்பெல்லாம் தனியா இருக்கு. அவங்க பாரத்துல இருக்கற கட்டம் எதுலயும் நம்ம தொட்டபெட்டா சரிவுல அரை ஏக்கர்ல கேரட் போடறவர் உக்கார மாட்டார். 2025 ஜனவரில டிரம்ப் உத்தரவுக்கப்புறம் அங்கயே நிறைய கம்பெனிங்க இந்தப் பேர மாத்திட்டு இருக்காங்க, அதனால உங்க டோனர் அடுத்த வருஷம் வேற பேர்ல இதையே கேட்டாலும் ஆச்சரியப்படாதீங்க.

நம்ம நாட்டுல இதுக்குன்னு உறுதியா சொல்லக்கூடிய சட்டம்னா 2012ல மத்திய அரசு போட்ட கொள்முதல் ஆணை. மத்திய அரசு துறைங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் வருஷ கொள்முதல்ல 25 சதவீதம் குறு, சிறு நிறுவனங்க கிட்ட வாங்கணும், அதுக்குள்ள எஸ்சி, எஸ்டி நடத்தறவங்களுக்கு 4, பெண்கள் நடத்தறவங்களுக்கு 3. 2018க்கு முன்னாடி மொத்தம் 20தான் இருந்துச்சு. இது உங்கள கட்டுப்படுத்தாது, நீங்க டிரஸ்ட். தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரின்னா அங்க கத வேற, மருந்து மாத்திரை அரசாங்கத்தோட மருந்து கொள்முதல் கழகம் டிஎன்எம்எஸ்சி வழியா வரும், டெண்டர்னா 1998 வெளிப்படைத்தன்மை சட்டம், ஒரு பர்ச்சேஸ் ஆபீசர் நெனச்சு மாத்த முடியாது. உங்களுக்கு அந்தக் கை விலங்கு இல்ல, ஆனா சாக்கும் இல்ல. பர்சென்ட் எத்தனன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, நீங்களே வெக்கறதுதான்.

ஆனா அந்த 2012 ஆணையில இருந்து ஒரு விதிய மட்டும் நான் வெக்கமில்லாம திருடி எங்க பர்ச்சேஸ் மேனுவல்ல சேத்தேன், நீங்களும் திருடுங்க. எல்1 விலைக்கு மேல 15 சதவீதத்துக்குள்ள கோட் பண்ண சின்ன யூனிட், எல்1 விலைக்கே இறங்கி வரேன்னு சொன்னா, ஆர்டர்ல 25 சதவீதம் அவங்களுக்கு. ஆஸ்பத்திரிக்கு ஒரு ரூபா கூட நஷ்டம் இல்ல, ஆடிட்டர் கேட்டா எழுதி வெச்ச விதி இருக்கு, அவருக்கு தெரிஞ்ச விதியும் கூட. உங்க பயத்துக்கு பாதி மருந்து இதுதான்.

இன்னொரு குழி இருக்கு. எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனம்) கிட்ட இத்தன சதவீதம் வாங்கறோம்னு ரிப்போர்ட் எழுதினா அதுல ஒரு அர்த்தமும் இல்ல. 2025 ஏப்ரல்ல இருந்து வருஷத்துக்கு 100 கோடி டர்னோவர் பண்றவங்க வரைக்கும் சிறு நிறுவனம், 10 கோடி வரைக்கும் குறு நிறுவனம். உங்க ஒன்பது கோயமுத்தூர் பார்ட்டியில அஞ்சாறு பேர் உத்யம் நம்பர், அதாவது எம்எஸ்எம்இன்னு அரசாங்கத்துல பதிஞ்ச நம்பர், வெச்சிருப்பாங்க, ஒரு ஆர்டரையும் மாத்தாம நீங்க 70, 80 சதவீதம்னு காட்டலாம், டோனரும் கை தட்டுவார். அதனால உங்க பாலிசியில யாருங்கறத எளிய வார்த்தையில எழுதுங்க: இந்த மாவட்டத்துல குடியிருக்கறவங்க, தானே விளைவிக்கறவங்க இல்ல தானே செய்யறவங்க, முடிவு எடுக்கறது அவங்களே. அவ்வளவு போதும்.

எத மாத்தலாம், எத மாத்தக்கூடாதுங்கறதுல எனக்கு சந்தேகமே கிடையாது. மருந்து, ஊசி, சலைன், தையல் நூல், லைசென்ஸ் இல்லாத இடத்துல கை வெக்காதீங்க. காஸ் துணி, பேண்டேஜ் தானே, மகளிர் குழு மடிச்சு குடுக்கட்டும்னு ஒரு டாக்டரம்மா என்கிட்ட நல்ல மனசோட சொன்னாங்க, அதுவும் இப்ப மெடிக்கல் டிவைஸ் ரூல்ஸ்குள்ள வருது, 2017 ரூல்ஸ், டிவைஸ் வகையப் பொறுத்து லைசென்ஸோ பதிவோ 2023 அக்டோபருக்குள்ள கட்டாயம் ஆயிடுச்சு. மருத்துவக் கழிவும் அப்படித்தான், அனுமதி வாங்கின பொது சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் குடுக்கணும். இதெல்லாம் கழிச்சுட்டா உங்க கையில மிச்சம் இருக்கறது கிச்சன், துணி, தையல், சலவை, பெயின்டிங், கார்பென்டர் வேல, கார்டன், ஜீப் வாடகை, பைல் கவர், மருந்து போடற பேப்பர் கவர். பணக்கணக்குல இது சின்ன பங்குதான், மருந்துதான் பெரிய செலவு. அந்த சின்ன பங்கே ஒரு ஊருக்கு பெருசு.

கிச்சன்ல இருந்து ஆரம்பிங்க, ஏன்னு சொல்றேன். நான் ஸ்டோர்ஸ்ல இருந்தப்ப எங்க ஆஸ்பத்திரிக்கு கேரட் எங்க இருந்து வந்துச்சு தெரியுமா, மேட்டுப்பாளையம் மண்டியில இருந்து. கேத்தி பாலாடாவுல புடுங்கி, அங்கயே மிஷின்ல கழுவி, லாரியில பர்லியார் வழியா கீழ இறங்கி, மண்டியில கமிஷன் குடுத்து, ஏலம் போயி, எங்க காண்ட்ராக்டர் வாங்கி மறுபடி அதே கொண்டை ஊசி வளைவுல ஏத்திக்கிட்டு வந்து எங்ககிட்ட எறக்குவார். கேத்தியில இருந்து எங்க கிச்சன் கதவு எட்டு கிலோமீட்டர். இந்த கூத்து எத்தன வருஷம் நடந்துச்சுன்னு சொன்னா சிரிப்பீங்க. மாத்தினப்ப பெரிய பாலிசி எல்லாம் இல்ல, உழவர் சந்தை போர்டுல அன்னிக்கு எழுதற விலைதான் விலை, வாரம் ரெண்டு நாள் சரக்கு, நாலு விவசாயிங்க முறை வெச்சு, அவ்வளவுதான் ஒப்பந்தம். கொட்டேஷன் மூணு வேணும்னு அக்கவுண்ட்ஸ் கேட்டாங்க, சந்தை போர்ட போட்டோ எடுத்து பில்லோட பின் பண்ணி வெச்சோம். தன் நிலத்துல விளைஞ்சத விக்கற விவசாயிய உணவு பாதுகாப்பு சட்டமே விட்டு வெச்சிருக்கு, அதனால லைசென்ஸ் காட்டுன்னு அவர இழுத்தடிக்காதீங்க. மாவு, ஊறுகாய், மசாலான்னு செஞ்சு விக்கற குழுவுக்கு மட்டும் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவு பாதுகாப்பு ஆணையம்) பதிவு வேணும்.

இப்ப நான் சொதப்பின கத, இதுல இருந்துதான் எல்லாத்தையும் கத்துக்கிட்டேன். நோயாளிங்க போடற கவுன் 200 தைக்க ஒரு மகளிர் குழுவுக்கு ஆர்டர் குடுத்தோம், 11 பேர், டீ எஸ்டேட் லைன் வீட்டுல அஞ்சு மிஷின். பச்ச கேஸ்மென்ட் துணி நாங்களே வாங்கி குடுத்தோம், அளவு வாயாலயே சொன்னேன், சாம்பிள் ஒண்ணு கையில குடுக்கல. தச்சு வந்த கவுன் பாக்க ஜோரா இருந்துச்சு, முதல் சலவையில மொழங்காலுக்கு மேல ஏறிடுச்சு. துணிய நனைச்சு காய வெச்சு அப்புறம் வெட்டணும்னு அவங்களுக்கு நான் சொல்லல, ஜாக்கெட் தைக்கறவங்களுக்கு ஆஸ்பத்திரி சலவை எப்படி இருக்கும்னு எப்படி தெரியும். முதுகுல நாடாவுக்கு பதிலா பட்டன் வேற வெச்சிருந்தாங்க, அழகா இருக்கும்னு, ரெண்டே வாரத்துல பாதி பட்டன் உடைஞ்சுது. வார்டு சிஸ்டர் அந்த மூட்டைய என் டேபிள் மேல கொண்டாந்து போட்டுட்டு ஒண்ணும் பேசாம போனாங்க, திட்டியிருந்தா கூட பரவால்ல. அது கூட சரி பண்ணக்கூடிய தப்புதான், ரெண்டாவது தடவ தச்சு குடுத்தது அருமையா இருந்துச்சு. சரி பண்ண முடியாதது என்னன்னா பில். வெண்டர் கோட் இல்ல, பான் குழு பேர்ல இல்ல, செக் யார் பேர்ல போடறதுன்னு பேப்பர் மூணு டேபிள் சுத்தி, மொத்தம் 118 நாள் கழிச்சு பணம் போச்சு. அதுக்குள்ள நூல், லைனிங், கரண்ட் பில்லுக்கு அவங்க வாரவட்டிக்கு வாங்கியிருக்காங்க, கூலியில பெரும்பங்கு வட்டிக்கே போயிடுச்சு. மூணாவது ஆர்டருக்கு கூப்பிட்டப்ப தலைவியம்மா சொன்னாங்க, சார், உங்க ஆஸ்பத்திரிக்கு எங்களால கடன் குடுக்க முடியாதுங்க. எங்க ஆபீஸ்ல அந்தக் கதைய மகளிர் குழு சரிப்பட்டு வரலன்னு பைல்ல எழுதி மூடினாங்க. எழுதினது நான்தான்.

சின்னவங்கள வெளிய தள்றது விலை இல்ல, நம்ம பேமென்ட் தேதி. கோயமுத்தூர் டிஸ்டிரிபியூட்டர் 90 நாள் தாங்குவார், அந்த 90 நாள் வட்டியையும் ரேட்டுல ஏத்தித்தான் உங்களுக்கு கோட் பண்றார், அது உங்க கண்ணுக்கு தெரியறதில்ல. சட்டமும் இங்க தெளிவா இருக்கு: 2006 எம்எஸ்எம்இ மேம்பாட்டு சட்டப்படி உத்யம் பதிவு இருக்கற குறு, சிறு உற்பத்தியாளருக்கோ சேவை குடுக்கறவங்களுக்கோ எழுத்துல ஒப்பந்தம் இருந்தா அதிகபட்சம் 45 நாள், ஒப்பந்தமே இல்லன்னா 15 நாள், தாண்டினா ரிசர்வ் வங்கி பேங்க் ரேட்ட மாதிரி மூணு மடங்கு வட்டி, அதுவும் மாசாமாசம் கூட்டு வட்டி. டிரஸ்ட்டா இருந்தாலும் தப்பிக்க முடியாது, வாங்கறவர் யாரா இருந்தாலும் பொருந்தும். வாங்கி விக்கற டிரேடருக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு கிடையாது, உத்யம் நம்பர் அவங்க வெச்சிருந்தாலும். லாபத்துக்கு வரி கட்டற தனியார் ஆஸ்பத்திரின்னா இன்னொரு கொக்கி, 2024 ஏப்ரல்ல இருந்து இந்த கெடு தாண்டி நிலுவையில இருக்கற தொகைய, எந்த வருஷம் கட்டறாங்களோ அந்த வருஷம்தான் செலவா காட்ட முடியும். டிரஸ்ட்டுக்கு இது எப்படி பொருந்தும்னு உங்க ஆடிட்டர் சொல்லட்டும், நான் வாய் குடுக்க மாட்டேன். ஆனா உத்யம் பதிவு முழுக்க இலவசம், அதுக்கு யாராவது காசு கேட்டா குடுக்காதீங்கன்னு உங்க குழுக்கள்கிட்ட நீங்களே சொல்லுங்க, ஆதார் வெச்சு உங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்லயே போட்டு குடுத்தா இன்னும் நல்லது.

ஜிஎஸ்டி நம்பர் இல்லாதவங்ககிட்ட வாங்கக்கூடாதுன்னு அக்கவுண்ட்ஸ்ல ஒருத்தர் கண்டிப்பா சொல்வார், எங்கயும் சொல்வாங்க. கம்பெனிங்களுக்கு அது நியாயமான பேச்சு, ஏன்னா பில்லுல ஜிஎஸ்டி இருந்தா அவங்க இன்புட் கிரெடிட் எடுத்துக்குவாங்க, அதாவது வாங்கறப்ப கட்டின வரிய தங்க வரியில கழிச்சுக்குவாங்க. ஆஸ்பத்திரிக்கு அப்படி இல்ல. சிகிச்சைக்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கறதால அதுக்காக வாங்கற பொருள் மேல கட்டின வரி நமக்கு திரும்ப வராது, செலவுல சேந்து போயிடும். அப்படின்னா ஜிஎஸ்டி இல்லாத சின்ன தையல்காரர் குடுக்கற பில்லு நமக்கு ஒரு வகையில லாபம்தான். தமிழ்நாட்டுல பொருள் விக்கறவங்களுக்கு வருஷம் 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம் தாண்டினாத்தான் பொதுவா ஜிஎஸ்டி பதிவே வேணும், அதுக்குக் கீழ இருக்கறவர் வெள்ளத்தாள்ல எழுதி கையெழுத்து போட்ட பில்லும் சட்டப்படி பில்லுதான். இத ஒரு தடவ உங்க அக்கவுண்ட்ஸ்காரங்கள உக்கார வெச்சு பேசுங்க, பாதி கதவு தானா திறக்கும்.

விலை கூடுமான்னு கேட்டீங்க. காய்கறி, முட்டை, சின்ன ரிப்பேர் வேலையில எங்களுக்கு குறைஞ்சுது. தையல்ல ஏறக்குறைய சமம். பைல் கவர், பேப்பர் கவர்ல கூடிச்சு, சிவகாசி ரேட்டோட யாரும் போட்டி போட முடியாது, அத நாங்க தெரிஞ்சேதான் குடுத்தோம், கமிட்டி மினிட்ஸ்ல எழுதி. இதெல்லாம் எங்க ஆஸ்பத்திரி கணக்கு, உங்களுக்கு அப்படியே வரும்னு நான் கையெழுத்து போட மாட்டேன். ஆனா ஆர்டர பிரிச்சு குடுக்கணும், அது எங்கயும் பொருந்தும். வருஷத்துக்கு 600 பெட்ஷீட்னு ஒரே டெண்டரா போட்டா சென்னிமலை நெசவாளர் சொசைட்டியே யோசிக்கும், குழு வாசல் பக்கமே வராது. மாசம் 50ன்னு போடுங்க. மூணு வருஷ அனுபவம், முன்பணம் கட்டு, டர்னோவர் இத்தன லட்சம்னு பழைய டெண்டர் பாரத்துல இருக்கற வரிங்கள ஒண்ணொண்ணா எடுத்து இது எதுக்குன்னு கேளுங்க, எங்க பாரத்துல இருந்த 14 நிபந்தனையில ஒன்பது எதுக்குன்னு யாருக்குமே தெரியல, யாரோ ஒரு பெரிய ஆஸ்பத்திரியில இருந்து ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்திருக்காங்க.

போலி வரும், வராம இருக்காது. ஒரு தடவ பெண் உரிமையாளர்னு ஒரு பார்ட்டி, பேப்பர் எல்லாம் சுத்தம். நேர்ல போனேன், அந்தம்மா டீ குடுத்தாங்க, ரேட் கேட்டா அவர்கிட்ட கேளுங்கன்னு வீட்டுக்காரர காட்டினாங்க, அவர் நம்ம பழைய டிஸ்டிரிபியூட்டரோட மச்சான். அதுக்கப்புறம் நான் சர்டிபிகேட் பாக்கறத குறைச்சுட்டு மூணே கேள்வி கேப்பேன்: செக்ல யார் கையெழுத்து, ரேட் யார் சொல்றது, சரக்கு கெட்டுப் போனா ராத்திரி யாருக்கு போன் பண்றது. மூணுக்கும் ஒரே ஆள் பேர் வந்தா சரி. அதே மாதிரி இன்னொரு நாடகம், ஆண்டு விழாவுக்கு தோடர் எம்பிராய்டரி சால்வை பத்து வாங்கி விருந்தாளிக்கு போத்திட்டு பழங்குடி மக்கள்கிட்ட கொள்முதல்னு ரிப்போர்ட்ல போட்டோ போடறது. அந்த வேலைப்பாடு 2013ல புவிசார் குறியீடு வாங்கினது, தாராளமா வாங்குங்க, ஆனா வருஷத்துக்கு ஒரு நாள் வாங்கறத கொள்முதல்னு சொல்லாதீங்க.

ஆதிவாசி மக்கள்னு வரும்போது கொஞ்சம் பொறுமையா யோசிங்க. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர்னு ஆறு சமூகமும் இந்த மாவட்டத்துல இருக்காங்க, ஆறும் ஒண்ணு இல்ல, எல்லாரும் ஒரே பொருள விக்கறவங்களும் இல்ல. உங்க ஊர்லயே ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் கம்பெனி இருக்கு, 2013ல ஆரம்பிச்சது, பங்குதாரர்களே பழங்குடி மக்கள், 2021ல ஐநா வளர்ச்சி திட்டத்தோட ஈக்வேட்டர் பரிசு வாங்கினவங்க. தேன், காபி, மிளகு, சிறுதானியம் கிச்சனுக்கு கேளுங்க. ஆனா தேன் சீசன்லதான் வரும், மாசம் இத்தன கிலோன்னு ஷெட்யூல் போட்டு லேட்டானா அபராதம்னு எழுதினா அது காட்டுக்கு புரியாது. இலவம்பஞ்சு தலகாணி அருமையா இருக்கும், ஆனா வார்டுக்கு ஆகாது, தொடச்சு சுத்தம் பண்ண முடியாது, கெஸ்ட் ரூமுக்கு வாங்கிக்கங்க. இன்னொண்ணு, கூடலூர் ஆதிவாசி ஆஸ்பத்திரிய ஒரு நடை போய் பாருங்க, 1990ல இருந்து நடக்குது, அந்த சமூகத்து பெண்களே அங்க நர்ஸா, சுகாதாரப் பணியாளரா இருக்காங்க. அத பாத்தப்புறம் எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு, இன்னும் தீரல: அவங்ககிட்ட பொருள் வாங்கறது பெருசா, அவங்கள வேலைக்கு எடுக்கறது பெருசான்னு. என் கை பர்ச்சேஸ்ல மட்டும்தான் இருந்துச்சு, அதனால அதப் பத்தி தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

சலவைதான் எனக்கு கடைசி வரைக்கும் கைகூடாத விஷயம். அமெரிக்காவுல கிளீவ்லேண்ட்ல எவர்கிரீன்னு தொழிலாளிங்களே முதலாளியா இருக்கற சலவை கூட்டுறவு 2009ல ஆரம்பிச்சு இப்ப பெரிய ஆஸ்பத்திரி துணியெல்லாம் துவைக்கறாங்க, உங்க டோனருக்கு அது நல்லா தெரிஞ்சிருக்கும், அதையே உங்ககிட்ட கேப்பாங்க. ஆஸ்பத்திரி துணிக்கு 71 டிகிரி சுடுதண்ணியில 25 நிமிஷம்ங்கறது வழக்கமான அளவு, அதுக்கு பாய்லர் வேணும். ஜூன், ஜூலை மழையில குன்னூர்ல ஒரு துண்டு காய நாலு நாள் ஆகும், அதனால டிரையரும் வேணும். முதலீடு யார் போடறதுங்கறதுல எங்க பேச்சு நின்னு போச்சு. டோனர் காசு எதுக்காவது கேக்கணும்னா, பாலிசி அச்சடிக்கறதுக்கு கேக்காம இதுக்கு கேளுங்க.

கமிட்டியில யாராவது இது தர்ம காரியம்னு பேசினா 2009 நவம்பர ஞாபகப்படுத்துங்க. மலை ரோடு அங்கங்க சரிஞ்சு, நாப்பது பேருக்கு மேல செத்த மழை அது. எங்க சப்ளையர் எல்லாரும் மலையடிவாரத்துல கல்லாருக்குக் கீழ, நாங்க மேல. மருந்து ஸ்டாக் இருந்துச்சு, கிச்சன்ல ரெண்டு நாளைக்குத்தான் காய்கறி. வெளிய தோட்டத்துல கோஸ் அழுகிட்டு கெடக்கு, விவசாயிக்கு லாரி இல்ல, எங்களுக்கு அவர் வெண்டர் லிஸ்ட்ல இல்ல. 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் கொட்டினப்ப அந்த நாலு விவசாயிங்க எங்க லிஸ்ட்ல இருந்தாங்க, கிச்சன் ஒரு வேள கூட நிக்கல.

பாலிசி ஒரு பக்கத்துக்கு மேல வேண்டாம். யாருகிட்ட, எந்தெந்த பொருள், ஆர்டர் எவ்வளவு சின்னதா பிரிப்போம், சாம்பிள் கையில குடுப்போம், சரக்கு ஏத்துக்கிட்ட ஏழாம் நாள் பேங்க்ல பணம். ஏழு நாள் முடியாதுன்னு அக்கவுண்ட்ஸ் சொன்னா ஐம்பதாயிரம் ரூபாய்க்கு கீழ உள்ள பில்லுக்கு மட்டும்னு ஆரம்பிங்க, அதுக்கு ஒத்துக்குவாங்க. பர்சென்ட் கேட்டு டோனர் விடலன்னா கிச்சன் செலவுல மட்டும் ஒரு பர்சென்ட் போடுங்க, மொத்த கொள்முதல்ல போடாதீங்க, மருந்து செலவு ஏறினா உங்க கணக்கு கவுந்துடும். முதல் மூணு மாசம் காய்கறி, முட்டை மட்டும். கேரட் பாலாடாவுல கழுவுன ஈரத்தோட வரும், எடை போடறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் கூடையில வடிய விடுங்க, அத விவசாயி முன்னாடியே செய்யுங்க, இல்லன்னா முதல் வாரமே சண்ட வரும்.